ஸ்க்லிரோடெர்மாவில் வயிற்றைப் பார்த்துக்கொள்வது எப்படி: குடியாத்தத்திலிருந்து ஒரு கணக்கு நோட்டு

எங்கள் வீட்டில் லுங்கிக் கணக்கு எழுத வாங்கிய நீள நோட்டுகள் நிறைய மிச்சம் கிடந்தன. குடியாத்தத்தில் தறி வைத்திருந்த வீடு என்றால் அவை இல்லாமல் இருக்காது. அதில் ஒன்றை எடுத்து, 4 வருஷமாக என் வயிற்றுக் கணக்கை எழுதி வருகிறேன். வரவுப் பக்கத்தில் நான் சாப்பிட்டது. செலவுப் பக்கத்தில் அதற்கப்புறம் வயிறு செய்தது.

எனக்கு சிஸ்டமிக் ஸ்க்லிரோசிஸ் வந்து 9 வருஷம் ஆகிறது. பேச்சு வழக்கில் ஸ்க்லிரோடெர்மா என்பார்கள், தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் நோய். அதில் முதல் 5 வருஷம் வயிற்றைப் பற்றி டாக்டரிடம் வாயே திறக்கவில்லை. குளிரில் விரல் வெளுத்து நீலமாவதைச் சொன்னேன், தோல் இறுகுவதைச் சொன்னேன், மூச்சு வாங்குவதைச் சொன்னேன். உப்புசமும் ஏப்பமும் யாருக்குத்தான் இல்லை என்று அதை விட்டுவிட்டேன். 54 கிலோ இருந்தவள் 46 கிலோவுக்கு வந்து, வளையல் முழங்கை வரை ஏறிய பிறகுதான் விழித்துக்கொண்டேன். உங்களுக்கும் இந்த நோய் இருந்தால், அல்லது வீட்டில் அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தால், அந்த 5 வருஷம் உங்களுக்கு வீணாகக் கூடாது.

இந்த நோய் வந்தவர்களில் 10 பேரில் 9 பேருக்கு உணவுப்பாதையில் ஏதாவது ஓர் இடத்தில் பாதிப்பு இருக்கும். வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரலாம். ஆகவே உங்கள் உப்புசம் "சாதாரண கேஸ் டிரபிள்" என்று யாராவது சொன்னால், அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

குடலுக்குள் என்ன நடக்கிறது

மோர்தானா அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் எங்கள் கவுண்டன்ய ஆற்றில் சில நாள் ஓடும். ஓடுகிற வரைக்கும் தண்ணீர் தெளிவாக இருக்கும். நிறுத்திய பிறகு பள்ளத்தில் தேங்கியது ஒரு வாரத்தில் பச்சையாகி நாற்றமடிக்கும். என் சிறுகுடலில் நடப்பதும் அதுதான் என்று புரிந்த நாளில் பாதி பயம் போய்விட்டது.

நம் பெருங்குடலில் கோடானுகோடி பாக்டீரியா இருக்கிறது. அங்கே இருக்க வேண்டியதுதான். நார்ச்சத்தைப் புளிக்கவைத்து, குடலின் உள்சுவருக்குத் தீனி போடுவது அதுதான். சிறுகுடலில் மட்டும் கொஞ்சமாகத்தான் இருக்க வேண்டும். சாப்பிடாமல் இருக்கும் நேரத்தில், சுமார் ஒன்றரை முதல் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை, சிறுகுடலில் ஓர் அலை கிளம்பி, மிச்சம் மீதியையும் பாக்டீரியாவையும் கீழே தள்ளிவிடும். காலையில் வாசல் பெருக்குவது மாதிரி. ஸ்க்லிரோடெர்மாவில் முதலில் குடலின் நரம்பும், அப்புறம் தசையும் கெட்டுப்போகின்றன. அலை பலவீனமாகிறது, சில பேருக்கு வருவதே இல்லை. பெருக்க ஆளில்லாத வாசலில் பாக்டீரியா பெருகிவிடுகிறது. டாக்டர்கள் இதைச் சுருக்கமாக 'சிபோ' என்பார்கள். நாம் சாப்பிடுவதை நமக்கு முன்னால் அது சாப்பிடுகிறது. காற்று உண்டாகிறது. கொழுப்பைக் கரைக்கும் பித்த உப்பை அது சிதைத்துவிடுவதால் எண்ணெய்ச் சத்து உடம்பில் சேராமல் மலத்தோடு போகிறது. வைட்டமின் பி12ஐயும் அதுவே எடுத்துக்கொள்கிறது.

பெருங்குடலில் கதை வேறு. அங்கே எண்ணிக்கையை விட, யார் யார் குடியிருக்கிறார்கள் என்பது மாறிவிடுகிறது. 2017இல் லாஸ் ஏஞ்சலஸிலும் ஓஸ்லோவிலும் உள்ள நோயாளிகளின் மலத்தைப் பரிசோதித்து வெளியிட்டார்கள். எலிசபெத் வோல்க்மன் என்ற டாக்டர் முன்னின்று செய்த ஆய்வு அது. வீக்கத்தைத் தணிக்கிற ஃபீகாலிபாக்டீரியம் போன்றவை நோயாளிகளிடம் குறைவு. வீக்கத்தோடு சேர்த்துப் பேசப்படுகிற ஃபூசோபாக்டீரியம் அதிகம். இரண்டு நாட்டு ஆட்கள், இரண்டு விதச் சாப்பாடு, ஆனாலும் வீக்கத்தைத் தணிப்பவை குறைவது இரண்டு இடத்திலும் இருந்தது. நோயால் பாக்டீரியா மாறியதா, பாக்டீரியா மாறியதால் நோய் கூடியதா என்று ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் முடிவு சொல்லவில்லை. ஆகவே "குடலைச் சரி செய்தால் ஸ்க்லிரோடெர்மா குணமாகிவிடும்" என்று யாராவது விற்க வந்தால் காசு கொடுக்காதீர்கள்.

நம் மாவட்டத்துக்குச் சிறுகுடல் கோளாறு புதிது இல்லை. 1960களில் அன்றைய வட ஆர்க்காடு கிராமங்களில் ட்ராபிகல் ஸ்ப்ரூ என்ற நோய் கொள்ளை நோய் மாதிரி பரவியது. கழிச்சல் நிற்காது, சத்து சேராது, ஆள் உருகிப்போவார்கள். வேலூர் சிஎம்சியின் டாக்டர் செல்வின் பேக்கரும் டாக்டர் வி. ஐ. மாத்தனும் அந்த ஊர்களுக்கே போய் ஆராய்ந்து எழுதினார்கள். அது வேறு நோய், நம் நோய் வேறு. ஆனால் சத்து சேராத சிறுகுடலைப் பார்த்துப் பழகிய ஊர் வேலூர் என்பது எனக்கு அப்போதும் தைரியம், இப்போதும் தைரியம்.

நோட்டு எழுதுங்கள்

செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான், மருந்துக்கும் முந்தி. என் நோட்டில் ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன். வைகாசி 1, எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசு திருவிழா.

"காலை 7: இட்லி 2, சட்னி. வயிறு சரி. மதியம் 1.30: சாதம், முருங்கைக்காய் சாம்பார், கடலைப்பருப்பு போட்ட கூட்டு, வடை 2, பால் பாயசம். 4 மணி: வயிறு பானை. கொசுவத்தைத் தளர்த்தினேன். 7 மணி: புளிச்ச ஏப்பம், தொண்டை எரிச்சல். ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் காலை: 3 தடவை. வெளுப்பு, எண்ணெய் மினுக்கு, 2 பக்கெட் ஊற்றியும் போகவில்லை. எடை 46.2."

அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் டாக்டர் மற்றதை விட்டுவிட்டு "எண்ணெய் மினுக்கு" என்ற இடத்தில் விரலை வைத்தார். கொழுப்பு சேரவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். வாயால் சொல்லியிருந்தால் "லூஸ் மோஷன்" என்ற ஒரு வார்த்தையோடு போயிருக்கும். ஆகவே மலத்தைப் பார்த்து எழுதுங்கள்: எத்தனை தடவை, நிறம், மிதக்கிறதா, நாற்றம் கூடுதலா. மாத்திரை மாறிய தேதியையும் எழுதுங்கள். நுரையீரலுக்கும் தோலுக்கும் கொடுக்கும் மைகோஃபினோலேட் மாத்திரையே கழிச்சல் உண்டாக்கும். தேதி இருந்தால்தான் குற்றவாளி மாத்திரையா, பாக்டீரியாவா என்று பிரிக்க முடியும்.

வாரம் ஒரு நாள், காலையில், மலம் போன பிறகு, ஒரே தராசில் எடை பாருங்கள். நான் ஞாயிற்றுக்கிழமை பார்ப்பேன். நீங்களாகக் குறைக்க நினைக்காமலே மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் நூற்றுக்கு 5 பங்கு குறைந்திருந்தால், அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்காதீர்கள். 50 கிலோ ஆளுக்கு அது இரண்டரைக் கிலோ.

சொல்லக் கூச்சப்படும் விஷயம்

ஒரு தடவை குடியாத்தம்–வேலூர் பஸ்ஸில் என்னையறியாமல் புடவையில் பட்டுவிட்டது. காட்பாடி வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை. சீட்டு ஓரத்தில் பையை வைத்து மறைத்துக்கொண்டு, கடைசி ஆளாக இறங்கினேன். அதற்கப்புறம் 8 மாதம் பஸ் ஏறவில்லை. கல்யாணம் காட்சிக்கும் போகவில்லை. வீட்டுக்காரரிடம்கூட மூட்டு வலி என்றுதான் சொன்னேன்.

இந்த நோயில் ஆசனவாயைச் சுருக்கிப் பிடிக்கும் தசையும் பலவீனமாகும். உங்கள் குற்றம் இல்லை. ஸ்க்லிரோடெர்மா நோயாளிகளுக்கென்றே வயிறு பற்றி 34 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு, கலிஃபோர்னியாவில் உருவாக்கியது. போன 7 நாளில் நடந்ததைக் கேட்கும். எதுக்களிப்பு, உப்புசம், கழிச்சல், மலச்சிக்கல் இவற்றோடு, துணியில் படுவது, அதனால் வெளியே போகாமல் இருப்பது, மனசு சோர்வது எல்லாம் அதில் இருக்கும். உலகத்தில் இத்தனை பேருக்கு நடப்பதால்தானே கேள்வியாகவே வைத்திருக்கிறார்கள். டாக்டரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "அடக்க முடியவில்லை, துணியில் படுகிறது, மாதத்தில் இத்தனை தடவை." ஆண் டாக்டராக இருந்து நாக்கு எழவில்லை என்றால், ஒரு சீட்டில் எழுதி நீட்டுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

மூச்சுப் பரிசோதனைக்குப் போவது

சிறுகுடலில் பாக்டீரியா பெருகியிருக்கிறதா என்று பார்க்க ஹைட்ரஜன் மூச்சுப் பரிசோதனை செய்வார்கள். நம் உடம்பு ஹைட்ரஜன் உண்டாக்காது. பாக்டீரியாதான் உண்டாக்கும். குளுக்கோஸ் அல்லது லாக்டுலோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 அல்லது 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஊதச் சொல்வார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் ஹைட்ரஜன், முதலில் ஊதியதை விட 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) அல்லது அதற்கு மேல் ஏறினால் சிபோ என்று எடுத்துக்கொள்வார்கள். மீத்தேன் வாயுவும் சேர்த்துப் பார்ப்பது உண்டு. அது மலச்சிக்கல்காரர்களுக்கு முக்கியம்.

பரிசோதனைக்கு முந்தைய 4 வாரம் ஆன்டிபயாடிக் எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது. பல் வலி, ஜுரம் என்று பக்கத்து மெடிக்கலில் வாங்கி விழுங்கியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். முந்தின நாள் பருப்பு, பயறு, கீரை, பால், கோதுமை, பழம் வேண்டாம். வெள்ளைச் சாதமும் முட்டையும் சாப்பிட்டேன், மீனும் சாப்பிடலாம். அப்புறம் ராத்திரி முழுக்க வெறும் வயிறு. காலையில் பல் நன்றாகத் தேய்த்துப் போங்கள், வாயில் இருக்கும் பாக்டீரியாவும் கணக்கில் வந்துவிடும்.

நமக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது, அதை எந்தச் சீட்டிலும் போட்டிருக்க மாட்டார்கள். நோயால் எனக்கு வாய் சிறுத்து, உதடு இறுகிவிட்டது. ஊதுகுழாயைச் சுற்றி உதட்டை மூட முடியவில்லை, காற்று பக்கவாட்டில் ஓடியது. முதல் இரண்டு தடவை ஊதியது வீண். அங்கே இருந்த நர்ஸ் பெண், "பரவாயில்லம்மா, மெதுவா" என்று சொல்லி, என் இரண்டு கன்னத்தையும் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது தடவை சரியாக வந்தது. நீங்கள் போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே இளநீர் ஸ்ட்ராவை உதட்டில் இறுக்கி ஊதிப் பழகுங்கள். ஏசி அறையில் 3 மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும், கையுறையும் சால்வையும் எடுத்துப் போங்கள். எனக்கு அன்றைக்கு வயிற்றை விட விரல்தான் அதிகம் வலித்தது.

ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தால்

சிபோவுக்கு ரிஃபாக்ஸிமின் போன்ற ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். அது பெரும்பாலும் குடலுக்குள்ளேயே வேலை செய்யும், ரத்தத்தில் அதிகம் கலக்காது. எனக்கு 5ஆம் நாள் உப்புசம் இறங்கியது. பானை மாதிரி இருந்த வயிறு தட்டையானதைக் கண்ணாடியில் பார்த்து அழுதுவிட்டேன்.

ஆனால் 4 மாதத்தில் திரும்பி வந்தது. இதை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், மனசு உடையாது. பாசியை அள்ளிப் போட்டாலும் தண்ணீர் ஓடவில்லை என்றால் மறுபடி பிடிக்கத்தானே செய்யும். ஆகவே டாக்டர்கள் சில பேருக்குச் சுற்று முறையில், மருந்தை மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். குடலை அசைய வைக்கும் புரூகலோபிரைட் மாதிரி மாத்திரையும் சேர்ப்பார்கள். பழைய சீட்டை வைத்து நீங்களே மெடிக்கலில் வாங்காதீர்கள். மெட்ரோனிடசோல் நீண்ட நாள் போனால் கை கால் நரம்பு மரத்துப்போகும். ஏற்கெனவே விரல் மரத்திருக்கும் நமக்கு அது தெரியவே தெரியாது.

நெஞ்சரிச்சல் மாத்திரையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமிலம் குறைந்தால் பாக்டீரியா பெருக வசதி என்பது உண்மை. அதைப் படித்துவிட்டு நானாகவே அதை நிறுத்தினேன். 10 நாளில் ராத்திரி புளிச்ச தண்ணீர் தொண்டைக்கு வந்து, இருமி இருமி எழுந்தேன். அமிலம் உணவுக்குழாயையும் கெடுக்கும், மூச்சுக்குழாயிலும் இறங்கும். நிறுத்தாதீர்கள். "இந்த அளவு இன்னும் வேண்டுமா" என்று மட்டும் கேளுங்கள். விரலுக்குக் கொடுக்கும் நிஃபிடிபின், உணவுக்குழாயின் அடி வால்வைத் தளர்த்தி எதுக்களிப்பைக் கூட்டும். அதையும் அதே நேரத்தில் கேட்டுவிடுங்கள். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் வையுங்கள், தலையணையை அடுக்குவது போதாது.

பாட்டில்களும் பேதியும்

என் நாத்தனார் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "இன்னா அண்ணி, வயிறு இப்படி ஊதிக்கினு இருக்கு, ஒரு தபா பேதிக்கு எடுத்தா எல்லாம் சரியாப் பூடும்" என்றாள். வருஷத்துக்கு இரண்டு தடவை விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்தவர்கள் நாம், அவள் அன்பில்தான் சொன்னாள். குடித்தேன். 14 தடவை போய், நடக்க முடியாமல், ராத்திரி ஆட்டோவில் தூக்கிப் போய் சலைன் ஏற்றினார்கள். அசையாத குடலை விரட்டினால் தண்ணீரும் உப்பும்தான் போகும், பாக்டீரியா அங்கேயே இருக்கும். ஸ்க்லிரோடெர்மாக்காரர்களுக்கு உடம்பில் தண்ணீர் வற்றுவது சிறுநீரகத்துக்கும் ஆபத்து. தயவுசெய்து வேண்டாம்.

அப்புறம் புரோபயாடிக், அதாவது வயிற்றுக்கு நல்லது என்று விற்கும் உயிருள்ள பாக்டீரியா. மாதம் 1,800 ரூபாய்க்கு அரை வருஷம் வாங்கினேன். பிறகுதான் தெரிந்தது: அந்த டப்பாவில் முக்கியமாக இருந்த லாக்டோபாசில்லஸ், ஸ்க்லிரோடெர்மா நோயாளிகளின் குடலில் ஏற்கெனவே கூடுதல் என்று ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளில் வந்திருக்கிறது. சிங்கப்பூரில் 40 நோயாளிகளுக்கு 60 நாள் புரோபயாடிக் ஒரு பக்கமும் மருந்தில்லாத வெறும் மாத்திரை ஒரு பக்கமும் கொடுத்துப் பார்த்ததில், மொத்த வயிற்றுத் தொந்தரவில் பெரிய வித்தியாசம் இல்லை. மெக்சிகோவில் மட்டும் சாக்கரோமைசிஸ் பௌலார்டி என்ற ஈஸ்டை மெட்ரோனிடசோலோடு சேர்த்துக் கொடுத்தபோது, தனித்தனியாகக் கொடுத்ததை விட சிபோ அதிகம் பேருக்குத் தீர்ந்தது. அதுவும் டாக்டர் கையில் இருக்க வேண்டிய முடிவு. நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிற நம் உடம்பில், உயிருள்ள ஈஸ்ட் அபூர்வமாக ரத்தத்துக்கே போய்விடும்.

ஆரோக்கியமான ஆளின் குடல் பாக்டீரியாவை நம் குடலில் வைக்கும் சிகிச்சையும் உண்டு. நார்வேயில் ஸ்க்லிரோடெர்மாக்காரர்களுக்கு அதை முறையாகச் செய்து பார்த்தார்கள். வெறும் திரவம் வைத்தவர்களை விட வயிற்றுத் தொந்தரவு கூடுதலாகக் குறையவில்லை. நானும் அதை நம்பிக் காத்திருந்தேன், சேதி கேட்டு வருத்தமாகத்தான் இருந்தது.

சாப்பாடு

ஒரு வேளைச் சாப்பாட்டை இரண்டாகப் பிரியுங்கள். நான் 7, 10.30, 1.30, 5, 7.30 என்று 5 தடவை சாப்பிடுகிறேன். நடுவில் முறுக்கு, காபி, ஒரு வாய் பொரி, எதுவும் இல்லை. அந்தப் பெருக்கும் அலை வெறும் வயிற்றில்தான் வரும், கொறித்துக்கொண்டே இருந்தால் கிளம்பாது. கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேரம் இடைவெளி.

நம் சாப்பாட்டில் ஒரு நல்ல விஷயம், அரிசி பெரும்பாலும் சிறுகுடலிலேயே கரைந்துவிடும், பாக்டீரியாவுக்கு மிச்சம் வைக்காது. குழைந்த சாதம், ரசம், இட்லி, ஆவியில் வெந்த மீன், முட்டை, பீர்க்கங்காய், சுரைக்காய் எனக்கு ஒத்துக்கொண்டன. காற்றைக் கிளப்புவது வெங்காயம், பூண்டு, கடலைப்பருப்பு, பயறு, கோதுமை, பால், பலாப்பழம், மாம்பழம். இவற்றைச் சில வாரம் மட்டும் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாக, 3 நாளுக்கு ஒன்று என்று திரும்பச் சேர்த்துப் பாருங்கள். எனக்கு வெங்காயம் வதக்கிச் சாப்பிட்டாலும் ஆகாது, தயிர் மட்டும் ஆகும். எல்லாவற்றையும் காலம் முழுக்க நிறுத்தினால் நல்ல பாக்டீரியாவும் பட்டினி கிடக்கும், எடையும் போகும். ஏற்கெனவே எடை இறங்கியிருப்பவர்கள் டயட்டீஷியனைக் கேட்காமல் எதையும் நிறுத்த வேண்டாம்.

"நார்ச்சத்து நிறையச் சாப்பிடு" என்று எல்லோரும் சொல்வார்கள். அசையும் குடலுக்கு அது சரி. அசையாத குடலில் அதுவே அடைத்துக்கொள்ளும். கேழ்வரகுக் களி எனக்குக் கல்லாக உட்கார்ந்தது. அதே கேழ்வரகை நீர்க்கக் கூழாக்கி ஒரு டம்ளர் குடித்தால் தொந்தரவு இல்லை. இலவம்பாடி முள் கத்திரிக்காயைத் தோல் உரித்துச் சுட்டு மசித்தால் சாப்பிட முடிகிறது. அது இல்லாமல் எனக்குச் சாப்பாடே இல்லை.

வருஷத்துக்கு ஒரு தடவையாவது ரத்தத்தில் ஹீமோகுளோபின், இரும்பு, பி12, டி வைட்டமின் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

உடனே கிளம்ப வேண்டிய நேரம்

வயிறு ஊதி, வாந்தி வந்து, காற்றும் மலமும் போகாமல் நின்றுவிட்டால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. அசைவே நின்று, குடல் அடைத்தது மாதிரி ஆகியிருக்கலாம். மலம் தார் மாதிரி கருப்பாகப் போனாலும் அப்படித்தான். இந்த நோயில் இரைப்பையின் உள்சுவரில் ரத்தக்குழாய்கள் வீங்கி, தர்பூசணிக் கோடு மாதிரி தெரியும், அதிலிருந்து ரத்தம் கசியும். இரும்பு மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கருக்கும், ஆனால் அதை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். தலைவலியோடு பிபி திடீரென்று ஏறினால் அது வயிற்றுச் சமாச்சாரம் இல்லை, சிறுநீரகம். அதற்கும் காத்திருக்கக் கூடாது.

நோட்டு எழுத விரல் மடங்கவில்லை என்று சில பேர் சொல்வீர்கள். எனக்கும் மடங்காது. பேனாவைச் சுற்றி லுங்கித் துணியை நான்கு சுற்று சுற்றி, ரப்பர் பேண்டு போட்டிருக்கிறேன். கத்திரிக்காய்க் காம்பு தடிமன் வந்தால் பிடிப்பு சரியாக இருக்கும். காலையில் விரல் விறைத்திருக்கும்போது எழுதாதீர்கள். மத்தியானம், வெந்நீரில் கை நனைத்துத் துடைத்த பிறகு எழுதுங்கள்.